கடைசி வருடத்திலிருந்து எண்ணுங்கள்: வயதான நாய் இருக்கும் வீட்டில் அடுத்த நாயைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

எங்கள் வீட்டு வாசலில் மூன்று படி. கருப்பனுக்கு இப்போது 11 வயது, லாப்ரடார், 34 கிலோ. காலையில் பழைய வேட்டியை நாலாக மடித்து அவன் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்து, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்துத் தூக்கினால்தான் பின்னங்கால் படி இறங்கும். முன்னங்கால் அவன் பொறுப்பு, பின்னங்கால் என் பொறுப்பு. இறங்கியதும் வேப்பமரத்தடியில் நின்று ஒரு நிமிடம் மூச்சு வாங்குவோம், இரண்டு பேரும்தான். சிட்டுவுக்கு 13 வயது. அவளை ஒரு கையில் அள்ளிக்கொண்டு இன்னொரு கையில் பால் பாத்திரத்தையும் எடுத்துவிடலாம். ஆறு கிலோதான்.

இதைப் பார்த்துக்கொண்டே போகிற எதிர்வீட்டுப் பையன் ஒருநாள் கேட்டான்: “அண்ணாச்சி, இதுங்களுக்கு அப்புறம் என்ன வாங்கப் போறீங்க? ராட்வீலர் வாங்குங்க அண்ணாச்சி, கெத்தா இருக்கும்.”

எல்லோரும் நாயை முதல் நாளிலிருந்து எண்ணுகிறோம். குட்டி எப்படி இருக்கும், வளர்ந்தால் தெருவே எப்படிப் பார்க்கும் என்று. நான் இந்த வழிகாட்டியில் சொல்வது அதற்குத் தலைகீழ். அந்த நாயின் கடைசி வருடத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். அதைத் தூக்க உங்களால் முடியுமா, மருந்துக்குக் கட்டுப்படியாகுமா, அன்றைக்கு வீட்டில் யார் இருப்பார்கள்? அங்கிருந்து பின்னோக்கி வந்தால் இனம் தானாகவே தேறி நிற்கும்.

முதல் படி: இருக்கிற நாயின் நிலையைச் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள்

‘இன்னும் எத்தனை நாளோ’ என்று புலம்பிக்கொண்டே நான்கு வருடம் நன்றாக இருந்த நாய்கள் உண்டு. ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிட்டு, மருந்தில் தீர்ந்திருக்கக்கூடிய வலியோடு கிடந்து செத்த நாய்களும் உண்டு. அதனால் முதலில் ஒரு முழுப் பரிசோதனை. சிறுநீரகம், கல்லீரல், சர்க்கரை மூன்றுக்கும் ரத்தம் எடுத்துப் பாருங்கள். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிடாத கிழட்டு நாய்களில் பாதிக்கு வாய்தான் பிரச்சினையாக இருக்கும் என்பது என் அனுபவம். திருநெல்வேலிக்காரர்களுக்கு ராமையன்பட்டியில் 2012-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உள்ளூர் டாக்டர் கைவிரித்தால் அங்கே கொண்டுபோகலாம்.

கண் நீலம் பூத்ததும் குருடாகிவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வயதானால் விழிவில்லை கெட்டிப்பட்டு நீலச்சாயல் தட்டும், பார்வை அவ்வளவாகக் குறையாது. புரை வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்ல டாக்டரால்தான் முடியும். அதேபோல் திடீரென்று சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தால் ‘வெயில்’ என்று விடாதீர்கள். சிறுநீரகம், சர்க்கரை, கருத்தடை செய்யாத பெண் நாய் என்றால் கருப்பையில் சீழ், எதுவாகவும் இருக்கலாம். கருப்பையில் சீழ் பிடிப்பது சில நாளிலேயே உயிரை வாங்கிவிடக்கூடும்.

இன்னொன்று, கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன்: நீங்கள் போடும் வலி மாத்திரையை நாய்க்குப் போடாதீர்கள். இபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் எல்லாம் நாய்க்கு வயிற்றில் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

பரிசோதனைக்கு அப்புறம் தினசரி காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். தாளைக் கிழிக்கும் முன் அன்றைக்கு நாய் தானாகச் சாப்பிட்டதா, தானாக எழுந்ததா, வாலை ஆட்டியதா என்று பார்த்து, நல்ல நாள் என்றால் ஒரு கோடு, இல்லையென்றால் ஒரு சுழி போட்டு, தாளை ஒரு கம்பியில் குத்தி வையுங்கள். ஒரு மாதம் கழித்துப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். சுழி கூடிக்கொண்டே போனால் டாக்டரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம். ஊசி போட்டு உறங்க வைப்பதைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு முடிவெடுக்கிற மாதிரி விட்டுவிடக் கூடாது.

இரண்டாம் படி: முன்னாலா, பின்னாலா?

பழையது இருக்கும்போதே புதியதைக் கொண்டுவரலாமா, போன பிறகா? ‘துணைக்கு ஒரு குட்டி வந்தால் கிழவன் தெம்பாயிடுவான்’ என்பார்கள். சில வீட்டில் நடக்கும். எங்கள் வீட்டில் நடந்தது வேறு. கருப்பனுக்கு முன்னால் இருந்த நாய் கடைசிக் காலத்தில் காதுவலியில் இருந்தது, எங்களுக்குத் தெரியவில்லை. துணைக்கென்று கொண்டுவந்த குட்டி ஓடிப்போய் அதன் காதைக் கவ்வி இழுத்தது. ஒரே கடி. குட்டியின் மேலுதடு கிழிந்து நாலு தையல். குட்டி மேல் தப்பில்லை, கிழவன் மேலும் இல்லை. வலியில் கிடக்கிறதென்று தெரியாமல் கொண்டுவந்த எங்கள் மேல்தான் தப்பு.

அதிலிருந்து நான் வைத்திருக்கும் கணக்கு இது. பழைய நாய் தானாக நடக்கிறது, சாப்பிடுகிறது, வலி மருந்தில் அடங்கியிருக்கிறது என்றால் முன்னாலேயே கொண்டுவரலாம். ஆனால் குட்டியாக வேண்டாம், ஒன்றரை இரண்டு வயதான, அடங்கிய நாயாக இருக்கட்டும். காலண்டரில் சுழி கூடிவிட்டதென்றால் எதுவும் வேண்டாம். அந்தக் கடைசி மாதங்கள் முழுதும் அதற்கே உரியது, உங்களுக்கும் அதற்குமேல் தெம்பு இருக்காது.

போன பிறகுதான் என்று முடிவு செய்தால், எதனால் போனது என்று பாருங்கள். முதுமையில் போனது என்றால் மனசு ஆறும்வரைதான் காத்திருப்பு. பார்வோ, அதாவது ரத்தமாய் வயிற்றுப்போக்கு வரவைக்கும் கொடிய வைரஸ் நோய், வந்து போன வீடு என்றால் கதை வேறு. அந்தக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமுமான இடத்தில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். சிமெண்டுத் தரையை பிளீச்சிங் கரைசலால் கழுவலாம், தோட்டத்து மண்ணை என்ன செய்வது? அப்படிப்பட்ட வீட்டுக்குத் தடுப்பூசி முழுதும் முடிந்த, வளர்ந்த நாய்தான் சரி.

மூன்றாம் படி: கடைசி வருடக் கணக்கு

ஒரு தாளில் உங்கள் வயதை எழுதுங்கள். அதோடு நாயின் ஆயுளைக் கூட்டுங்கள். நான் 52. லாப்ரடார் சராசரியாக 10 முதல் 12 வருடம். அப்படியென்றால் 64 வயதில் நான் மறுபடி வேட்டியை மடித்துக்கொண்டு படியில் நிற்பேன். பையன் பெங்களூரில் இருப்பான். என் மனைவிக்கு இப்போதே முழங்கால் சொல்பேச்சு கேட்பதில்லை.

பொதுவாக உடம்பு பெருக்கப் பெருக்க ஆயுள் குறையும். கிரேட் டேன் 7 முதல் 9, ராட்வீலர் 9, 10, ஜெர்மன் ஷெப்பர்ட் 9 முதல் 12, சிட்டு மாதிரி சின்ன ஜாதி 12 முதல் 15. தெருவில் பிறந்து வீட்டுக்கு வந்த நாட்டு நாயும் ஊசி, சோறு ஒழுங்காகக் கிடைத்தால் 12, 13 தாண்டும்.

யாரும் சொல்லாத சமாச்சாரம் மருந்துதான். நாய்க்கு மருந்து கிலோக் கணக்கில். சிட்டுவுக்கும் கருப்பனுக்கும் ஒரே மூட்டுவலி மருந்துதான் எழுதினார்கள். சிட்டுவுக்கு ஒன்று உடைத்தால் கருப்பனுக்கு அதைப்போல ஐந்தரை மடங்கு. ஆன்டிபயாட்டிக், குளுக்கோஸ், உண்ணி மாத்திரை எல்லாம் அப்படித்தான். தீனியும் எடையோடு கூடும்: காய்ந்த தீனி என்றால் கருப்பனுக்கு மாதம் பத்துப் பன்னிரண்டு கிலோ, சிட்டுவுக்கு மூன்று கிலோ. கடையில் குட்டி விலையைப் பேரம் பேசுகிறோம், இதை யாரும் பேரம் பேச முடியாது.

வீட்டில் இருப்பவர்களில் பலம் குறைந்தவர் எவ்வளவு எடை தூக்குவார்? அதுதான் உங்கள் நாயின் உச்ச எடை. எங்கள் வீட்டில் அரை மூட்டை சிமெண்டு கணக்கு, அதாவது 25 கிலோ என்றேன் நான். மனைவி சொன்னாள், “பதினைஞ்சுக்கு மேல நான் தொடமாட்டேன்.” சரி, 15.

நான்காம் படி: நீங்கள் இருப்பது எந்தத் திருநெல்வேலி?

டவுனிலும் பாளையங்கோட்டையிலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். குரைப்புச் சத்தம் மூன்று வீட்டுக்குக் கேட்கும். தரை வழவழ டைல்ஸ். வயதான நாய்க்கு அந்தத் தரைதான் முதல் எதிரி, கால் வழுக்கி இடுப்பு போகும். நாங்கள் தென்னங்கயிற்று மிதியடிகளை வாங்கி வாசலிலிருந்து சோற்றுத் தட்டு வரைக்கும் பாதை போட்டிருக்கிறோம். வாடகை வீடு என்றால் நாய் வாங்கும் முன் வீட்டுக்காரரிடம் வாயால் அல்ல, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

தாமிரபரணி வயல்காட்டு ஊர்களில் எலி உண்டு, எலிக்காய்ச்சல் உண்டு. அந்தத் தடுப்பூசியை மறக்காதீர்கள். சங்கரன்கோவில், கோவில்பட்டிக் கரிசல் பக்கம் இடம் தாராளம், ஓட்டம் வேண்டிய நாய்க்கு ஏற்ற மண். ஆனால் ஆடும் மயிலும் எங்கும் திரியும், விரட்டும் நாய் வைத்திருந்தால் வாரத்துக்கு ஒரு பஞ்சாயத்து. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் ஜூன் தொடங்கிச் சாரல். தொங்குகாது நாய்களுக்குக் காதில் ஈரம் தங்கி அழுகும், அடர்ந்த முடிக்காரர்களுக்குத் தோல் புண்ணாகும். பாபநாசம், களக்காடு, கடையம் மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சிறுத்தை முதலில் தூக்குவது திண்ணையில் கட்டிப்போட்ட நாயைத்தான். அங்கே ராத்திரி நாய் வீட்டுக்குள் படுக்க வேண்டும், அதற்குத் தோதான நாயாக இருக்க வேண்டும்.

எல்லாப் பக்கத்துக்கும் பொது, கத்திரி வெயில். நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வேர்க்காது, நாக்கை நீட்டி இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். மூக்கு சப்பையாக இருந்தால் அந்த வழியே அடைபட்டிருக்கிறது.

ஐந்தாம் படி: இனங்கள்

வேண்டாததை முதலில் கழித்துவிடலாம். சைபீரியன் ஹஸ்கி பனியில் வண்டி இழுக்கப் பிறந்தது. ஏசி அறையில் அதைப் பூட்டி வைத்துக்கொண்டு ‘நல்லா இருக்கான்’ என்பவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. செயின்ட் பெர்னார்டும் அதே. பக், ஒரு செல்போன் விளம்பரத்தால் ஊரெல்லாம் பரவியது. பாவம், அது குறட்டை விடுகிறதென்று நாம் சிரிப்பது மூச்சுத்திணறலைப் பார்த்து. எங்கள் வெயிலில் அதைப் பகலில் வெளியே கொண்டுபோகவே முடியாது.

லாப்ரடார் குணத்தில் தங்கம், ஆனால் சோற்றைக் கண்டால் நிறுத்தத் தெரியாது. குண்டாக்கிவிட்டால் இடுப்பு மூட்டு சீக்கிரமே போகும். கருப்பன் இன்று படியில் நிற்பதற்கு நான் போட்ட தயிர்சாதமும் ஒரு காரணம். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் இடுப்புதான் பலவீனம். டாஷ்ஹண்ட் சின்னது, தூக்கச் சுலபம், ஆனால் நீள முதுகு. படி ஏறி இறங்கும் வீட்டில் முதுகுத்தண்டு வட்டு நழுவிப் பின்னங்கால் விழுந்துவிடும் அபாயம் உண்டு. டால்மேஷன் பார்க்க லட்சணம். செவிடும் சிறுநீர்க்கல்லும் அந்த ஜாதியோடு பிறந்தவை.

நம் ஊரில் ‘பொமரேனியன்’ என்று வாங்குவது பெரும்பாலும் இந்தியன் ஸ்பிட்ஸ். சிட்டுவும் அதுதான். நீண்ட ஆயுள், வெயிலைத் தாங்கும், சத்தம் அதிகம். பல் கவனம், மூச்சுக்குழல் கவனம். கழுத்துப்பட்டையில் இழுக்காமல் மார்போடு சேர்த்துக் கட்டும் வார்தான் அதற்கு. ‘வெயிலுக்குச் சிரமப்படுமே’ என்று மொட்டை அடித்துவிடாதீர்கள். அந்த முடி வெயிலையும் தடுக்கிறது.

இனி நம் மண்ணின் ஜாதிகள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை. பெயரைச் சொன்னாலே நமக்கு மார்பு நிமிரும். 2005-ல் இந்திய அஞ்சல்துறை நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது ராஜபாளையம் அதில் ஒன்று. பெருமை சரி, பொருத்தம் வேறு.

ராஜபாளையம் பால்வெள்ளை, மூக்கு ரோஸ். அந்த வெள்ளையோடு செவிடும் சில குட்டிகளுக்கு வரும். வீட்டாரைத் தவிர யாரையும் நம்பாது. விருந்தாளி வந்து போகிற வீட்டில், குழந்தைகள் கூட்டிவரும் குழந்தைகள் ஓடுகிற வீட்டில், முதல்முறை நாய் வளர்ப்பவர் கையில் அது கஷ்டம். காம்பவுண்டுச் சுவர், தோட்டம், ஒரே எஜமான் இருந்தால் அதற்கு நிகர் இல்லை. கோம்பை தேனிப் பக்கத்து ஜாதி, குட்டையாய்க் கட்டுமஸ்தான உடம்பு, முகவாய் கறுத்திருக்கும். பயிற்சி இல்லாமல் வளர்த்தால் பிடிவாதம்.

சிப்பிப்பாறையும் கன்னியும் ஒல்லியான ஓட்டக்காரர்கள். இரண்டும் ஒன்றுதான், நிறம்தான் வேறு என்பாரும் உண்டு. கல்யாணமாகிப் போகும் கன்னிப்பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுத்ததால் கன்னி என்று பெயர் வந்ததாகக் கரிசல் பக்கம் சொல்வார்கள். கூச்ச சுபாவம், வீட்டுக்குள் இருக்கிற இடம் தெரியாது, முடி கொட்டுவது குறைவு, ஆயுளும் பரவாயில்லை. ஆனால் கண்ணில் ஓடுவது ஏதாவது பட்டால் காது கேட்காது. கோழி, பூனை, மயில், ஆட்டுக்குட்டி எதுவும் கணக்கில்லை. சுவர் ஆறடியாவது வேண்டும். ‘முயலுக்கு விடலாம்’ என்று ஆசை காட்டுகிறவர்களிடமிருந்து தள்ளி நில்லுங்கள். 1972 வன உயிரினச் சட்டப்படி அது குற்றம். விலா தெரிவதைப் பார்த்து யாராவது ‘சோறே போடலையா’ என்று கேட்பார்கள், கண்டுகொள்ளாதீர்கள். அதன் வாகே அப்படி. அறுவைச் சிகிச்சைக்குக் கொண்டுபோனால் இது கொழுப்பு குறைந்த ஓட்டநாய் என்று டாக்டருக்கு நினைவுபடுத்துங்கள். கிரேஹவுண்ட் வாகு நாய்களுக்குச் சில மயக்க மருந்துகள் சீக்கிரம் தெளிவதில்லை.

கடைசியாகத் தெரு நாய். ஜாதிப் பட்டியலில் இல்லை என்பதால் வழிகாட்டிகளில் வராது. 15 கிலோ வாக்கில் எடை, வெயில் பழகிய தோல், யாரும் அழகுக்காக மூக்கையோ முதுகையோ மாற்றியமைக்காத உடம்பு. வளர்ந்ததை எடுத்தால் குணமும் முன்கூட்டியே தெரியும். அது டீக்கடையில் குழந்தைகளிடம் எப்படி, லாரிச் சத்தத்துக்கு எப்படி என்று ஒரு மாதம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எந்தப் பண்ணையிலும் இந்த வசதி கிடையாது.

ஆறாம் படி: குட்டியைப் பார்க்கப் போகும்போது

ஜாதிக் குட்டிதான் என்று முடிவு செய்துவிட்டால் தாயைப் பார்க்காமல் வாங்காதீர்கள். போன வருடம் நண்பருக்காகக் கரிசல் பக்கம் ஒரு ஊருக்குப் போனோம். தகரக் கொட்டகையில் ஆறு குட்டி.

“தாய் எங்க அண்ணாச்சி?”

“அது தோட்டத்துல கிடக்கு. கடிக்கும், நீங்க குட்டியப் பாருங்க.”

“தூரமா நின்னு பாக்கோம்.”

“அட, பேப்பர் இருக்குய்யா. தாய எதுக்குப் பாக்கீங்க?”

திரும்பி வந்துவிட்டோம். தாய் மனிதரைக் கண்டால் நடுங்கினால் குட்டியும் அப்படி வர வாய்ப்பு அதிகம். தாய் எலும்பும் தோலுமாகக் கிடந்தால் வருடத்துக்கு இரண்டு ஈத்து எடுக்கிறார்களோ என்று சந்தேகப்படுங்கள். பேப்பர் பூர்வீகத்தைச் சொல்லும், ஆரோக்கியத்தைச் சொல்லாது.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் வந்த மத்திய அரசின் நாய் வளர்ப்பு விதி சொல்கிறது. 30 நாளில் ‘பால்குடி மறந்தாச்சு’ என்று நீட்டுவார்கள். அந்த வயதில் தாயிடமும் உடன்பிறப்பிடமும் கற்க வேண்டிய ‘கடிக்கிற அளவு’ அதற்கு வந்திருக்காது. வெள்ளைக் குட்டி என்றால், அது வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். கைதட்டினால் காற்று பட்டுத் திரும்பிவிடும், சாவிதான் சரி. தனித்தனியாகச் சோதியுங்கள், கூட்டத்தில் செவிட்டுக் குட்டி மற்றதைப் பார்த்துத் திரும்பிவிடும். அடிவயிறு ஊதியிருந்தால் குடற்புழு. காதுமடலுக்குள், கால்விரல் இடுக்கில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் விலக்கிப் பாருங்கள். உண்ணிக்காய்ச்சல் கிழட்டு நாய்க்கும் பரவ வழி அதுதான்.

ஏழாம் படி: வீட்டுக்குக் கொண்டுவருதல்

பழைய நாயின் தடுப்பூசி நடப்பில் இருக்க வேண்டும். புதியதற்கும் குடற்புழு மருந்து, உண்ணி மருந்து கொடுத்து, பத்துப் பதினைந்து நாள் தனியே வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது. குட்டி என்றால் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி நான்கு மாதம் வரை மூன்று நான்கு வார இடைவெளியில் ஊசி. மூன்று மாதத்தில் வெறிநாய்க்கடி ஊசி, அதற்கப்புறம் வருடா வருடம்.

முதல் சந்திப்பு வீட்டுக்குள் வேண்டாம். யாருக்கும் சொந்தமில்லாத தெருவில், இரண்டு பேர் ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் பத்தடி விட்டு நடக்க வேண்டும். மூஞ்சிக்கு மூஞ்சி நிறுத்தாதீர்கள். வீட்டில் சோற்றுத்தட்டு தனி, படுக்கை தனி, கிழவன் படுக்கும் இடத்துக்குப் புதுசு போகாதபடி ஒரு தட்டி. முதல் தட்டு எப்போதும் பழைய நாய்க்கு. ஆணும் பெண்ணுமாக இருந்தால் சண்டை குறைவு. இரண்டுக்கும் கருத்தடை செய்திருந்தால் இன்னும் குறைவு.

எங்கள் வீட்டு முடிவையும் சொல்லிவிடுகிறேன். வாய்க்கால்பாலத்து டீக்கடையில் செம்பட்டை நிறத்தில் ஒரு பொட்டை நாய். மாநகராட்சி கருத்தடை செய்து காதில் சிறு வெட்டு வைத்துவிட்டது. இரண்டு வயது இருக்கும் என்றார் டாக்டர், 14 கிலோ. ஊசி போட்டாகிவிட்டது. மூன்று வாரமாகச் சாயங்காலம் கருப்பனை வேட்டித் தூளியோடு வாய்க்கால் கரை வரை நடத்திக்கொண்டு போகிறேன். முதல் வாரம் அவள் பாலத்திலேயே நின்றாள். இரண்டாம் வாரம் பின்னாலேயே வந்தாள். நேற்று கருப்பன் மூச்சு வாங்க நின்றபோது, அவளும் நின்றாள். திரும்பும்போது வாசல் வரை வந்து, மூன்று படியையும் பார்த்துவிட்டு, வேப்பமரத்தடியில் படுத்துக்கொண்டாள்.